பிடித்துத் தைத்த சட்டை

ஓரகத்தி இளைத்துக்கொண்டிருக்கிறாள் என்பதை அந்த வீட்டில் முதலில் கண்டுபிடித்தது டெய்லரக்காதான். மற்றவர்களுக்குக் கண்ணில் பட வேண்டும். அவளுக்கு விரலிலேயே பட்டுவிட்டது. சட்டையின் பக்கத் தையலைப் பிடித்துப் பார்த்தபோது துணிக்கும் உடம்புக்கும் நடுவே காற்று இருந்தது. பல வருஷங்களாக அங்கே காற்றுக்கு இடமே இருந்ததில்லை.

"லூசாயிருக்குல்லக்கா?" என்றாள் சின்னவள். குரலில் அப்படி ஒரு பூரிப்பு.

டெய்லரக்கா உதட்டில் குண்டூசிகளைக் கவ்விக்கொண்டிருந்தாள். அது ஒரு வசதி. வாயில் ஊசி வைத்திருப்பவளிடம் யாரும் பதில் எதிர்பார்ப்பதில்லை.

டெய்லரக்கா அந்த வீட்டு அண்ணனுக்கு வாழ்க்கைப்பட்டவள், சின்னவள் தம்பிக்கு. ஒரே வீடு, ஒரே அடுப்பு, பார்க்கிறவர்கள் சொல்வதுபோல் ஒரே உடம்பு. இரண்டு பேரும் சேர்ந்து தெருவில் வந்தால் எதிரே வருகிற சைக்கிள் இறங்கி ஓரமாய் நிற்க வேண்டும் என்று சின்னவளின் புருஷனான கொழுந்தன் கிண்டலடிப்பான். பெரிய லாரி, சின்ன லாரி என்று பெயர் வைத்ததும் அவன்தான். முதல்முறை அதைக் கேட்டபோது இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு விழுந்து விழுந்து சிரித்தார்கள். பக்கத்தில் சேர்ந்து சிரிக்க ஆள் இருந்தால் பட்டப்பெயர் அவ்வளவாக வலிப்பதில்லை. கல்யாண வீடுகளில் குழுப் படம் எடுக்கும்போது இருவரும் பின்வரிசையில் தோளோடு தோள் ஒட்டி நிற்பார்கள். ஒருத்தியின் அகலம் இன்னொருத்தியின் அகலத்தில் கரைந்துவிடும்.

வீட்டின் முன்னறைதான் தையல் கடை. ஒரு மெஷின், ஓரம் அடிக்கிற இன்னொரு மெஷின், வெட்டுவதற்கு ஒரு நீளப் பலகை, சுவரில் ஆணி ஆணியாக அளவுக் காகிதங்கள். அவற்றில் ஒன்றில் மட்டும் பெயர் கிடையாது. அது அவர்கள் இருவருக்கும் பொது. டெய்லரக்கா தனக்கென்று டேப்பை எடுத்து அளந்துகொண்டதே இல்லை. சின்னவளை அளந்து வெட்டுவாள், அதே காகிதத்தில் தனக்கும் ஒன்று வெட்டிக்கொள்வாள். சரியாகத்தான் இருக்கும்.

எல்லாம் சின்னவளின் முட்டியில் ஆரம்பித்தது. அவள் ஒரு பெரிய மரச்சாமான் கடையில் பில் போடுகிற இடத்தில் வேலை பார்த்தாள். சாம்பல் நிறச் சட்டை, கறுப்புக் கால்சட்டை, நாள் முழுக்க நின்றபடி. முட்டி தேய்ந்துவிட்டது, ஆபரேஷன் வேண்டியிருக்கும், ஆனால் இந்த எடையில் கத்தி வைக்க யோசிக்கிறேன் என்று எலும்பு டாக்டர் கை விரித்தார். சர்க்கரை வேறு இருந்தது. எடைக்கென்றே பார்க்கிற டாக்டரம்மா ஒருவரிடம் போகச் சொல்லிச் சீட்டு எழுதிக் கொடுத்தார்.

"அக்கா, நீயும் வாயேன். ரெண்டு பேரும் ஒண்ணா காட்டிட்டு வந்துரலாம்" என்று சின்னவள் கூப்பிட்டாள்.

"எனக்கென்ன வந்துச்சு? கல்லாட்டம் இருக்கேன். நீ போயிட்டு வா" என்றாள் டெய்லரக்கா. அன்றைக்கு அவசரமாக முடிக்க வேண்டிய துணி எதுவும் இல்லை. இருந்தாலும் மெஷினை விட்டு எழவில்லை.

சின்னவள் திரும்பி வந்து வெட்டுப் பலகையின் ஓரத்தில் உட்கார்ந்து ஒன்று விடாமல் சொன்னாள். டாக்டரம்மா திட்டவே இல்லையாம். வாயைக் கட்டு, வயிற்றைக் கட்டு என்று சொல்லவில்லையாம். இத்தனை நாள் முயற்சி பண்ணியும் குறையாததற்கு நீங்கள் சோம்பேறி என்பது காரணமில்லை, இது ஒரு நோய், சர்க்கரை மாதிரி, ரத்த அழுத்தம் மாதிரி என்றாராம். கொஞ்சம் இளைத்தால் போதும், உடம்பு பஞ்சம் வந்துவிட்டதென்று பயந்துகொண்டு பசியைக் கூட்டிவிடும், செலவழிக்கிற சக்தியைக் குறைத்துக்கொள்ளும், பழைய எடைக்கே இழுத்துப்போகும், அதோடு வெறும் கையால் மல்லுக்கட்ட முடியாது என்றாராம். "உங்க தப்பு இல்லம்மா" என்று டாக்டர் சொன்னதும் அழுகை வந்துவிட்டது என்று சொல்லிச் சின்னவள் இப்போதும் கண்ணைத் துடைத்தாள்.

டெய்லரக்காவின் முதல் பொறாமை அந்த ஒரு வாக்கியத்தின் மேல்தான். அவளிடம் இதுவரை யாரும் அப்படிச் சொன்னதில்லை. துணி கொடுக்க வருகிறவர்கள்கூட, உட்கார்ந்தே வேலை செய்தால் இப்படித்தான் என்று போகிற போக்கில் ஒரு வார்த்தை வைத்துவிட்டுத்தான் படி இறங்குவார்கள்.

வாரத்துக்கு ஒருநாள் வயிற்றில் ஒரு ஊசி, தானே போட்டுக்கொள்ள வேண்டும். பசி அடங்குவதற்கு. தட்டில் பாதி காய்கறி, சோறு வழக்கத்தில் பாதி, முட்டையோ பருப்போ தவறாமல். முட்டி தாங்குகிற அளவு நடை. எந்த வேளையையும் விடக்கூடாது, இதைத்தான் இரண்டு முறை சொன்னார்களாம். அங்கே உணவுக்கென்று இருந்த பெண் இன்னொன்றும் சொன்னாளாம்: தினம் தினம் எடை மெஷின் மேல் ஏறி மனசை ஒடித்துக்கொள்ளாதீர்கள், மாதா மாதம் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம், நடுவில் உங்கள் துணியே உங்களுக்குச் சொல்லும்.

துணி சொல்லத்தான் செய்தது. சட்டை தொளதொளத்தது. கால்சட்டைக்கு பெல்ட் வந்தது. மாடிப்படியில் சின்னவளின் காலடிச் சத்தம் மாறியது. முன்பு ஒவ்வொரு படியிலும் நின்று, கைப்பிடியைப் பிடித்து, ஒரு பெருமூச்சு விட்டு ஏறுவாள். இப்போது ஒரே ஓட்டமாக இல்லாவிட்டாலும் ஒரே மூச்சாக ஏறினாள். கூடத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த டெய்லரக்காவின் கணவர் தலை நிமிர்ந்து, "அவ ஏறுறதே தெரியல பாரேன்" என்றார். அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். ஆனால் அவர் ஏதாவது ஒன்றைப் பார்த்து ஆச்சரியப்பட்டே நாளாகிவிட்டது என்பது டெய்லரக்காவுக்குத் தெரியும்.

அக்கம்பக்கத்தில் சிலர், ஊசி போட்டு இளைப்பதெல்லாம் ஒரு இளைப்பா, குறுக்கு வழிதானே என்றார்கள். அதைக் கேட்கும்போதெல்லாம் டெய்லரக்காவுக்கு உள்ளே குளுகுளுவென்றிருக்கும். வெளியே மட்டும், "பாவம், முட்டி வலி அவளுக்கு" என்பாள். சின்னவள் வேண்டாமென்று ஒதுக்கியது எல்லாம் இவள் தட்டுக்கு வந்தது. வீணாகக் கூடாதே என்று சாப்பிட்டாள். பசித்துச் சாப்பிட்டாளா என்று கேட்டால் அவளுக்கே தெரியாது. எதிரே ஒருத்தி குறையக் குறைய, அந்த இடத்தை யாராவது நிரப்ப வேண்டும்போல் இருந்தது. மத்தியானம் மெஷினில் உட்கார்ந்தால் கண் சொருகிக்கொண்டு வந்தது. ஒருநாள் காலரை அடித்துக்கொண்டிருக்கும்போதே தூங்கிப்போய், தையல் நேராக ஓடிச் சட்டைப் பையின் மேல் ஏறிவிட்டது.

சின்னவள் சட்டைகளையும் கால்சட்டைகளையும் அள்ளிக்கொண்டு வந்தது அதற்கடுத்த சில நாட்களில்தான்.

"பக்கத்துக்கு அரை இஞ்ச் பிடிச்சாப் போதும்க்கா" என்று சொல்லி, கண்ணாடி முன் திரும்பித் திரும்பி நின்றாள். அரை இஞ்ச் என்ற வார்த்தையை நகை பேசுகிற மாதிரி பேசினாள். டெய்லரக்கா ஊசி குத்தி, சாக்குக் கட்டியால் கோடு போட்டாள். கோடு ஒழுங்காகத்தான் போட்டாள். அவள் போட்ட கோடு இதுவரை யாருக்கும் கோணியதில்லை.

சின்னவள் வேலைக்குப் போன பிறகு முன்னறையில் அவளும் மெஷினும் மட்டும். சட்டையை உள்புறம் வெளியே வரத் திருப்பி ஊசிக்கடியில் வைத்தாள். மிதித்தாள். ஊசி கோட்டின் மேல் இறங்கவில்லை, கோட்டைத் தாண்டி உள்ளே இறங்கியது. கை தானாகப் போனது என்று சொல்ல முடியாது, கை அவளுடையதுதான். எப்படியும் இன்னும் இளைக்கத்தானே போகிறாள், இப்போதே பிடித்துவிட்டால் பிறகு வேலை மிச்சம் என்று தனக்குத்தானே ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டாள். அந்தச் சமாதானம் சட்டையின் ஒரு பக்கம் முடியும்வரை தாங்கியது. இன்னொரு பக்கத்தை எந்தச் சமாதானமும் இல்லாமலே தைத்தாள். கூடுதலாக இருந்த துணியை ஓரம் அடிக்கிற மெஷினில் விட்டு வெட்டி எறிந்தாள். பிரித்துப் பார்த்தாலும் இனித் தெரியாது.

மறுநாள் காலையில் சின்னவள் சட்டையைப் போட்டுப் பொத்தானை இழுத்து மாட்டினாள். நெஞ்சுக்குக் கீழே துணி விரிந்து, நடுவில் கண்போல் ஒரு இடைவெளி திறந்துகொண்டது. அவள் கண்ணாடியைப் பார்த்தாள். பிறகு அக்காவைப் பார்த்தாள். முகம் சுருங்கிப்போயிற்று.

"அரை இஞ்ச்தானேக்கா பிடிச்சே?"

"நீ சொன்னதுதான்."

சொல்லிவிட்டு உள்ளே போய் ஒரு சொம்பு தண்ணீர் குடித்தாள். தொண்டை முதல் வயிறு வரை அப்படி ஒரு ஜில்லிப்பு. அது தண்ணீரால் வந்ததல்ல.

ஒருமுறை செய்தது பிறகு பழகிப்போயிற்று. ஒவ்வொரு துணியிலும் கொஞ்சம் கொஞ்சம். கண்ணுக்குத் தெரியாத, மூச்சுக்கு மட்டும் தெரிகிற கொஞ்சம். சின்னவள் மத்தியானத்துக்குள் இடுப்புப் பொத்தானைக் கழற்றிவிட்டு மேலே சட்டையை இறக்கி மறைத்துக்கொள்ளத் தொடங்கினாள். கண்ணாடி முன் நிற்பதை விட்டுவிட்டாள். டாக்டரிடம் மாத எடை பார்க்க இன்னும் நாளிருக்க, ஊசி வேலை செய்யவில்லை போலிருக்கிறது என்று ஒருநாள் ஈனக்குரலில் சொன்னாள். உடம்பு பழைய இடத்துக்குத்தான் திரும்பும் என்று அந்த டாக்டரம்மாவே சொல்லியிருக்கிறாரே என்று டெய்லரக்கா நூலை நாக்கில் ஈரமாக்கி ஊசியில் கோத்துக்கொண்டே நினைவூட்டினாள்.

அதற்குப் பிறகு சின்னவளின் மத்தியானச் சாப்பாட்டு டப்பா போன கனத்திலேயே திரும்பி வந்தது. கழுவும் தொட்டியில் அதைத் திறந்து பார்த்தது டெய்லரக்கா. தொடாத உணவு அப்படியே இருந்தது. பார்த்தாள், கொட்டினாள், டப்பாவைக் கவிழ்த்து வைத்தாள். அன்றைக்கு மட்டும் தண்ணீர் குடித்தும் ஜில்லிப்பு வரவில்லை.

சின்னவள் கடையில் மயங்கி விழுந்தாள். வாடிக்கையாளருக்கு மீதிச் சில்லறை நீட்டிய கை நீட்டியபடியே, முகமெல்லாம் வியர்த்து, மேஜையோடு சரிந்தாளாம். கூட வேலை பார்க்கிறவர்கள் வாயில் சர்க்கரைத் தண்ணீர் ஊற்றி எழுப்பி, வீட்டுக்குப் போன் செய்தார்கள். ஆண்கள் இருவரும் வேலையில் இருந்தார்கள். டெய்லரக்கா தோளில் கிடந்த டேப்பைக்கூடக் கழற்றாமல் ஓடினாள். ஓடினாள் என்பது அவள் கணக்கில். அடுத்த தெரு திரும்புவதற்குள் மூச்சு வாங்கி ஒரு கடைப்படியில் உட்கார வேண்டியிருந்தது.

கடையிலிருந்து சின்னவளை டாக்டரம்மாவிடம் கூட்டிப்போனாள். அந்த இடத்துக்கு அவள் போவது அதுதான் முதல்முறை. காத்திருக்கிற அறையில் நாற்காலிகள் அகலமாக இருந்தன, இரண்டு பக்கமும் கைப்பிடி கிடையாது. எங்கே போனாலும் நாற்காலியின் கைப்பிடிக்குள் தன்னைச் சாய்த்துச் சாய்த்துத் திணித்தே பழகியவள் அதில் உட்கார்ந்தாள். தன்னைப் போன்றவர்களை நினைத்து யாரோ ஒருவர் கடையில் போய் நாற்காலி தேர்ந்தெடுத்திருக்கிறார். சின்னவள் இத்தனை நாளும் இதில் உட்கார்ந்திருக்கிறாள். அந்த நேரத்திலும், பக்கத்தில் ஒருத்தி வெளுத்துப்போய்ச் சாய்ந்திருந்த அந்த நேரத்திலும், நாற்காலியைப் பார்த்து வயிறெரிந்தது. உள்ளே கூப்பிடும்வரை அதிலேயே உட்கார்ந்தபடி கண்ணயர்ந்தும் போனாள்.

உள்ளே டாக்டரம்மா எடை பார்த்தார். விலா எலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவே டேப்பைச் சுற்றி அளந்தார். முகம் சுளித்தார். எடை குறைந்திருந்தது, குறைய வேண்டியதைவிட வேகமாகவே. வயிற்றின் சுற்றளவும் குறைந்திருந்தது. பிறகு துணி இறுகுகிறது என்கிறீர்களே, அது எப்படி என்றார். சின்னவள் சட்டையைப் பிடித்து இழுத்துக் காட்டினாள். பொய் சொல்லவில்லை, பொத்தான் பிதுங்கிக்கொண்டுதான் இருந்தது. நீர் கோத்திருக்கலாம், சிறுநீரகத்தைப் பார்க்க வேண்டும், இதயத்தையும் பார்க்க வேண்டும், காரணம் தெரியும்வரை ஊசியை நிறுத்தி வைப்போம், ஆபரேஷனைத் தள்ளிப்போடச் சொல்லி எலும்பு டாக்டருக்கு நானே எழுதுகிறேன் என்றார் டாக்டரம்மா.

சின்னவள் முட்டியின் மேல் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

ரத்தம் எடுப்பதற்கு நடைபாதையில் காத்திருக்கச் சொன்னார்கள். எதிரே சுவரில் உடம்பின் படம் ஒன்று. வயிற்றுக்குள் ஈரலைச் சுற்றிக் கொழுப்பை மஞ்சளாக வரைந்திருந்தார்கள். டெய்லரக்கா அந்த மஞ்சளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நான்தான் பிடிச்சேன்" என்றாள்.

"எதை?"

"சட்டைய. நீ சொன்னதுக்கு மேல."

சின்னவள் சட்டை ஓரத்தைத் திருப்பித் தையலைப் பார்த்தாள். தையலைப் பார்த்து அவளுக்கு என்ன தெரியும்.

"எல்லாத்தையுமா?"

"எல்லாத்தையும்."

"நான் சாப்பிடாம கெடந்தேன்க்கா." குரல் உயரவில்லை. "டப்பாவ நீதானே கழுவினே?"

டெய்லரக்கா தலையாட்டினாள். ஏன் என்று சின்னவள் கேட்கவில்லை. கேட்காததால் இவளே சொல்ல வேண்டியிருந்தது. சொல்லும்வரை அவளுக்கே தெரியாத பதில் அது.

"நீ என்னை விட்டுட்டுப் போயிட்டே."

சின்னவள் திரும்பி அவளை முழுசாகப் பார்த்தாள். "நான் கூப்பிட்டேனே. மொத நாளே கூப்பிட்டேன்."

ரத்தம் எடுக்கிற பெண் வந்து பெயரைக் கூப்பிட்டாள். சின்னவள் எழுந்தவள், அந்தப் பக்கம் போகாமல் டாக்டரம்மாவின் கதவைக் காட்டினாள். "உள்ள வா. இப்ப என்கிட்ட சொன்னதை அவங்ககிட்ட சொல்லு. நான் சொல்ல மாட்டேன்."

டெய்லரக்கா சொன்னாள். நின்றுகொண்டே, டேப்பின் இரண்டு முனைகளையும் பிடித்துக்கொண்டு சொன்னாள். டாக்டரம்மா பேனாவை மூடி வைத்துவிட்டுக் கேட்டார். அவர் திட்டியிருந்தால் தேவலை. அவர் சின்னவளிடம்தான் பேசினார். மருந்து அதன் வேலையைச் செய்துகொண்டுதான் இருக்கிறது, நீங்கள் சாப்பிடாமல் சர்க்கரை மாத்திரையை மட்டும் போட்டுக்கொண்டதில் சர்க்கரை தாழ்ந்துபோயிருக்கிறது, பட்டினியில் குறைவது கொழுப்பு மட்டுமில்லை, முட்டியைத் தாங்குகிற சதையும் சேர்ந்துதான் போகும், மாத்திரையைக் குறைக்கிறேன், ஊசி தொடரட்டும், நாளையிலிருந்து எல்லா வேளையும் தட்டின் முன் உட்காருங்கள் என்றார். ரத்தம் மட்டும் எதற்கும் கொடுத்துவிட்டுப் போகச் சொன்னார்.

பிறகு டெய்லரக்காவின் பக்கம் திரும்பினார். "வெளியே உட்கார்ந்தபடியே தூங்கிட்டீங்களே. பகல்ல எப்பவும் இப்படித்தானா? குறட்டை உண்டா?"

"அதெல்லாம் இல்ல, டாக்டர்."

"உண்டு" என்றாள் சின்னவள், யாரையும் பார்க்காமல். "சுவரைத் தாண்டிக் கேக்கும். நடுவுல அப்படியே நின்னுபோயிடும், மூச்சே இருக்காது. மாமா எழுந்து உக்காந்து பார்ப்பாரு. அப்புறம் திணறிக்கிட்டு வரும்."

கணவர் எழுந்து உட்கார்ந்து பார்ப்பார் என்பது டெய்லரக்காவுக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

சின்னவள் வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. வெயிலில் நின்றதில் மயக்கம் என்று முடித்துக்கொண்டாள். சொல்லியிருந்தால் ஒருநாள் சண்டையோடு போயிருக்கும். சொல்லாததால் தினமும் சாப்பாட்டு நேரத்தில் அது நடுவில் உட்கார்ந்திருந்தது. துணிகளை எல்லாம் மூட்டை கட்டி எடுத்துக்கொண்டு போய், பஸ் நிற்கிற இடத்துக்குப் பக்கத்தில் ஒரு ஆளிடம் கொடுத்தாள். பிரித்துவிடத் துணி மிச்சமில்லை என்று அவன் பக்கங்களில் ஒட்டுத்துணி வைத்துத் தைத்துக் கொடுத்தான்.

கேவலமான தையல். நூலின் நிறம் பொருந்தவில்லை, கக்கத்தில் சுருக்கம், ஒட்டு ஒரு பக்கம் மேலேறி இருந்தது. அதைப் போட்டுக்கொண்டுதான் சின்னவள் வேலைக்குப் போனாள். மாதங்கள் போக, அதே ஆள் அந்த ஒட்டைப் பிரித்து எடுத்தான், பிறகு பிடித்தும் கொடுத்தான். டெய்லரக்கா அவனைப் பார்த்ததே இல்லை. மெஷினில் உட்கார்ந்திருக்கும்போது அவன் சின்னவளின் இடுப்பைச் சுற்றி டேப் போடுவதை நினைத்துக்கொள்வாள். அளவு என்ன வந்தது என்று அவனுக்குத் தெரியும், இவளுக்குத் தெரியாது. தெருவில் யார் யாரோ சின்னவளைப் பார்த்துச் சொன்ன நல்ல வார்த்தை ஒன்றுகூட அவளை இவ்வளவு எரித்ததில்லை.

டெய்லரக்கா தானாகவே ஒருநாள் டாக்டரம்மாவுக்குப் போன் செய்து நேரம் வாங்கினாள். தூங்கும்போது மாட்டிக்கொள்கிற கருவியைக் கொடுத்து ஒரு ராத்திரி வீட்டில் சோதனை செய்தார்கள். மூச்சு நின்று நின்றுதான் வருகிறது, ரத்த அழுத்தம் ஏறியிருப்பதற்கு அதுவும் ஒரு காரணம், இதயம் ராத்திரியெல்லாம் ஓடிக்கொண்டிருக்கிறது என்றார் டாக்டரம்மா. தூங்கும்போது மூக்கில் காற்று ஊதுகிற முகமூடி, சாப்பாட்டில் மாற்றம், வேண்டுமானால் பிறகு மருந்து. ஆளுக்கு ஆள் உடம்பு வேறு, ஒருவருக்குக் குறைகிற மாதிரியே இன்னொருவருக்குக் குறையாது, பக்கத்தில் இருப்பவரோடு ஒப்பிடாதீர்கள் என்றும் சொன்னார். யாரை மனதில் வைத்துச் சொன்னார் என்று இருவருக்குமே தெரியும். "உங்க தப்பு இல்லம்மா" என்பதை மட்டும் அவர் சொல்லவில்லை. டெய்லரக்கா கதவு வரை போய் ஒரு கணம் நின்று பார்த்தாள், பிறகு வெளியே வந்துவிட்டாள்.

அடுத்த முறை போக வேண்டிய காலையில் அவள் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தபோது சின்னவளும் வந்து செருப்பு மாட்டினாள்.

"எனக்கும் இன்னைக்குத்தான்" என்றாள். அவ்வளவுதான் பேச்சு.

சின்னவள் முன்னால் நடந்தாள். ஆபரேஷன் முடிந்த கால், இன்னும் கொஞ்சம் சாய்ந்துதான் விழுந்தது, ஆனாலும் வேகமாகப் போனது. டெய்லரக்கா பின்னால். அந்த முதுகைப் பார்த்தாள். தோள்பட்டைக்குக் கீழே இறங்கித் திரும்புகிற அந்த வளைவு அவளுக்குப் புதிது. அதற்கு எப்படி வெட்டினால் படியும் என்று கை கணக்குப் போட்டது, வயிறு எரிந்தது. இரண்டும் ஒன்றையொன்று தடுக்கவில்லை. நில்லு, மெதுவாகப் போ என்று கூப்பிடலாம். கூப்பிட அவளுக்கு வாய் வரவில்லை. மூச்சு வாங்கியது. இடைவெளி நீண்டுகொண்டே போயிற்று.

தெரு திரும்புகிற இடத்தில் சின்னவள் நின்றாள். திரும்பிப் பார்க்கவில்லை. பைக்குள் எதையோ தேடினாள். தேடியது கிடைக்கவில்லை போலிருக்கிறது, பையை மூடித் திறந்து மறுபடியும் தேடினாள். டெய்லரக்காவின் செருப்புச் சத்தம் பக்கத்தில் கேட்கும்வரை தேடினாள். பிறகு ஒன்றையும் எடுக்காமல் பையை மூடிக்கொண்டு முன்னால் நடந்தாள்.